புதுப்பிப்பு: டெக்சாஸ் எல்எல்சிக்கு ரெஜிஸ்டர்டு ஏஜென்ட், கடைசியில் என்ன செய்தேன்

டாலஸ் பக்கம் தொடங்கும் எல்எல்சிக்கு (உரிமையாளரின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனம்) நானே ரெஜிஸ்டர்டு ஏஜென்டாக, அதாவது அதன் பெயரில் வரும் வழக்கு சம்மன், அரசுக் கடிதங்களை வாங்கிக்கொள்ளும் ஆளாக இருக்கலாமா, காசு கொடுத்து ஒரு நிறுவனத்தை வைக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வேலை முடிந்தது. "பகலில் அந்த முகவரியில் ஆள் இருக்க வேண்டும், நீங்கள் ஆபீஸ் போய்விடுவீர்கள், ஊருக்கும் போவீர்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் முடிவை மாற்றியது. வழக்கு சம்மன் வந்து கவனிக்காமல் விட்டால் நம் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடலாம், அதனால் ஆண்டுக் கட்டணத்துக்கு ஒரு நிறுவனத்தையே வைத்தேன். தபால் பெட்டி எண் மட்டும் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள், டெக்சாஸில் தெரு முகவரி வேண்டும்.

எல்எல்சியைப் பதிவு செய்வது படிவம் 205, கட்டணம் 300 டாலர், ஆன்லைனிலேயே போட்டேன். ஏஜென்டின் சம்மதக் கடிதத்தை முன்பே வாங்கிவிட வேண்டும், ஆனால் அதைப் படிவத்துடன் அனுப்ப வேண்டியதில்லை, நம்மிடம் இருந்தால் போதும்.

எதிர்பாராதது இதுதான். வீட்டு முகவரி வெளியே தெரியக்கூடாது என்பதும் ஏஜென்ட் வைக்க ஒரு காரணம், ஆனால் அதே படிவத்தில் நிர்வகிப்பவரின் முகவரியும் கேட்கிறார்கள், அதுவும் பொதுப் பதிவுதான். நான் யோசிக்காமல் வீட்டு முகவரியையே எழுதிவிட்டேன்! அப்புறம் என்ன, அரசுக் கடிதம் போலவே தோற்றமளிக்கும் விளம்பரங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்துவிட்டன. பணம் கட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று, பேங்க் கடிதம் போன்ற சாதாரணத் தபாலை என் ஏஜென்ட் வாங்குவதில்லை. பின்னால் ஏஜென்டை மாற்ற நினைத்தால் படிவம் 401, 15 டாலர்.