ஜூபிடர்-8: பழைய வெள்ளியா, பிந்தைய கறுப்பா?

நிழல்பிடி:
சோர்க்கி-4 என்ற பழைய சோவியத் ஃபிலிம் கேமரா ஒன்று கைக்கு வந்துவிட்டது, லென்ஸ் இல்லாத வெறும் பாடி. ஷட்டர் ஓடுகிறது, தூரம் பார்த்து ஃபோகஸ் செய்யும் ரேஞ்ச்ஃபைண்டரில் இரண்டு உருவமும் சரியாகச் சேர்கின்றன. இப்போது லென்ஸ் தேடி இரண்டு வாரமாகத் தூக்கம் போச்சு. அதற்கான சோவியத் 50 எம்எம் லென்ஸான ஜூபிடர்-8 மூன்று கண்ணில் பட்டிருக்கின்றன. முதலாவது வெள்ளி, எண் 57 என்று தொடங்குகிறது, முகப்பில் சிவப்பில் ஒரு ருஷ்ய எழுத்து. இரண்டாவது கறுப்பு, எண் 74 என்று தொடங்குகிறது, பார்க்கப் புதுசு மாதிரி. மூன்றாவது ஜூபிடர்-8எம், விலை மூன்றிலும் குறைவு. வெள்ளிக்காரர் கறுப்பைவிட ஒன்றரை மடங்கு கேட்கிறார், கேட்டால் "ஜெர்மன் கண்ணாடி சார்" என்கிறார். நிஜமா? சோனி மிரர்லெஸ்ஸிலும் அடாப்டர் போட்டு மாட்டுவேன், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பழைய_கண்ணாடி:
முதலில் அந்த 8எம்-ஐ மறந்துவிடுங்கள். அது கீவ் என்ற இன்னொரு சோவியத் கேமராவுக்கான பயோனெட் மவுண்ட் (திருகாமல் செருகிப் பூட்டுவது), சோர்க்கியின் எம்39 திருகில் உட்காரவே உட்காராது. கீவில் 50 எம்எம் லென்ஸுக்கான ஃபோகஸ் திருகு பாடியிலேயே இருப்பதால் லென்ஸில் ஃபோகஸ் வளையமே கிடையாது, சோனிக்கும் திருகோடு கூடிய தனி அடாப்டர் வேண்டும். மலிவு என்று வாங்கிவிட்டு அடாப்டருக்கு அதைவிட அதிகம் கொடுத்தவர்கள் உண்டு.

ஜெர்மன் கண்ணாடிக் கதை பாதி உண்மை. டிசைன் ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்தில் பெர்ட்டெல போட்ட சோனார், மூன்று தொகுதியில் ஆறு கண்ணாடி. போர் முடிந்ததும் அங்கிருந்து கொண்டுபோன கண்ணாடியில்தான் மாஸ்கோ பக்கத்து கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் முதல் லென்ஸ்களைச் செய்தார்கள், அவற்றின் முகப்பில் ஜூபிடர் என்றுகூட இருக்காது, இசட்கே என்றிருக்கும். அந்தச் சரக்கு தீர்ந்த பிறகு, 1954 வாக்கில், சோவியத் கண்ணாடிக்கு ஏற்றபடி கணக்கைத் திரும்பப் போட்டார்கள். எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பொதுவாக ஆண்டு, ஆக உங்களுடையது 1957, அதில் ஜெர்மன் கண்ணாடி இருக்க வழியில்லை. சிவப்பு எழுத்துக்கு கோட்டிங் போட்டது என்று பொருள், அவ்வளவுதான்.

இருந்தாலும் என்னைக் கேட்டால் 57-தான். அந்தக் காலத்து வேலைப்பாடு வேறு. வளையத்தைத் திருப்பினால் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி இருக்கும்.

திருகாணி:
அண்ணன் சொன்ன வரலாறு சரி, முடிவைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பத்துப் பன்னிரண்டு ஜூபிடர்-8 திறந்து சுத்தம் செய்திருக்கிறேன். வெண்ணெய் மாதிரி திரும்பிய 50-களின் லென்ஸும் உண்டு, இரண்டு கையால் பிடித்தும் நகராத 50-களின் லென்ஸும் உண்டு. இத்தனை வருடம் கழித்து நாம் பார்ப்பது தொழிற்சாலையின் வேலையை இல்லை, கடைசியாகத் திறந்தவன் செய்த வேலையை.

ஏன் என்றால், இந்த லென்ஸில் கண்ணாடி இருக்கும் உருளை முழுதாகக் கழன்று வரும். அதற்கும் ஃபோகஸ் திருகுக்கும் நடுவில் காகிதம் போல மெல்லிய உலோக வளையம் ஒன்று இருக்கும், ஷிம் என்பார்கள். ஒவ்வொரு லென்ஸுக்கும் அதன் தடிமன் வேறு. முதல்முறை திறந்தபோது அந்த வளையத்தைத் தொலைத்தவன் நான். கீழே விழுந்ததுகூடத் தெரியாது. பூட்டினேன், எல்லாம் பிரமாதமாகத் திரும்பியது. முதல் ரோலைக் கழுவிப் பார்த்தால் எவர் முகத்திலும் கண் தெளிவாக இல்லை, காதும் பின்னால் இருந்த ஜன்னல் கம்பியும்தான் பளிச்சென்று இருந்தன. உருளை ஃபிலிம் பக்கம் ஒரு மயிரிழை நகர்ந்தாலே ஃபோகஸ் பின்னால் ஓடிவிடும். நம்மைப் போல எத்தனை பேர் திறந்தார்களோ, யார் கண்டது. ஒரு லென்ஸின் உருளையை இன்னொன்றின் திருகில் பூட்டி விற்பவர்களும் உண்டு.

அதனால் ஆண்டைக் கேட்காதே தம்பி. பின்பக்கம் டார்ச் அடித்து எடுத்த படம் கேள், புகை மாதிரிப் படலமோ பூஞ்சை நூலோ இருந்தால் அதில் தெரிந்துவிடும். திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். இது வெள்ளிக்கும் பொருந்தும், கறுப்புக்கும் பொருந்தும். உள்ளே கணக்கு ஒன்றுதான், வெளிப்பூச்சுதான் வேறு.

நிழல்பிடி:
அப்போ வாங்கிய பிறகு ஃபோகஸ் சரியா என்று எப்படிப் பார்ப்பது? சோனியில் மாட்டித் தூரத்துக் கோபுரத்தைப் பார்த்தால் போதுமா?

திருகாணி:
சோனியை நம்பாதே. அடாப்டர்கள் பலவற்றைக் கொஞ்சம் மெல்லிதாகவே செய்கிறார்கள், முடிவிலியைத் தாண்டிப் போகும். லென்ஸ் தப்பா அடாப்டர் தப்பா என்று தெரியாது. சோர்க்கியிலேயே பார். பின்மூடி முழுதாகக் கழன்று வரும் இல்லையா, ஃபிலிம் உட்காரும் உள்விளிம்பின் மேல் டிரேசிங் பேப்பரை விறைப்பாக ஒட்டு. ஷட்டரை பி-யில் திறந்து பிடித்துக்கொள். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து எஃப்2-இல் வைத்து முடிவிலிக்குத் திருப்பினால் தூரத்துக் கோபுரம் தலைகீழாகத் தெரியும், லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்தால் கம்பி கம்பியாகத் தெரிய வேண்டும். அப்புறம் அளவு நாடாவைச் சாய்வாகப் போட்டு ஒரு மீட்டரில் ஒருமுறை. ஒன்று மறக்காதே, ஃபிலிமை நகர்த்திய பிறகுதான் ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும், முன்னால் மாற்றினால் உள்ளே கெடும்.

அரைநிழல்:
நடுவில் நுழைகிறேன். ஜெர்மன் கேமரா லைக்காவில் போட்டால் பின்னால் ஃபோகஸ் ஆகிறது என்று புலம்புகிறார்களே, அதற்கு ஷிம் மட்டும் காரணம் இல்லை. லைக்கா ரேஞ்ச்ஃபைண்டரின் கணக்கு 51.6 எம்எம் குவியத் தூரத்துக்கு, இந்த லென்ஸ்கள் ஜெய்ஸின் காண்டாக்ஸ் கேமரா வழியில் 52.4-ஐ ஒட்டியவை. முடிவிலியில் சரியாக வைத்தாலும் ஒரு மீட்டரில் சுமார் மூன்று சென்டிமீட்டர் பின்னால் விழும். எஃப்5.6-க்குப் போனால் தெரியாது, எஃப்2-இல் நன்றாகவே தெரியும். சோர்க்கியில் அந்தக் கவலை வேண்டாம். மிரர்லெஸ்ஸில் திரையைப் பார்த்துத்தானே ஃபோகஸ் செய்கிறோம், அங்கேயும் வேண்டாம்.

இன்னொன்று, கூர்மைதான் வேண்டும் என்றால் உக்ரைனின் கார்கிவில் செய்த இண்டஸ்டார்-61 எல்/டி லென்ஸைப் பாருங்கள், 55 எம்எம், எஃப்2.8, லாந்தனம் கண்ணாடி. காண்ட்ராஸ்ட் அதிகம், விலை பாதி. ஆனால் பின்னணி வெளிச்சப் புள்ளிகள் அறுகோணமாக விழும், முகத்துக்கு எனக்கு ஜூபிடர்தான் பிடிக்கும்.

நிழல்பிடி:
கறுப்பு 74-ஐயே வாங்கிவிட்டேன். டார்ச் படத்தில் தூசி தவிர ஒன்றும் இல்லை. டிரேசிங் பேப்பர் வைத்தும் பார்த்தாயிற்று, முடிவிலி கச்சிதம், நாடாவில் 100-க்கு வைத்தால் 100-தான் தெளிவு. ஒரே எரிச்சல், அப்பர்ச்சர் வளையத்தைத் தொட்டால் ஃபோகஸும் கூடவே நகர்ந்துவிடுகிறது, கிளிக்கும் இல்லை.

திருகாணி:
எல்லா ஜூபிடர்-8-உம் அப்படித்தான். முதலில் அப்பர்ச்சர், பிறகு ஃபோகஸ். 40.5 எம்எம் ஹுட் ஒன்றும் வாங்கிவிடு, எதிர்வெயிலில் படம் வெளுத்துப் போகும்.

நிழல்பிடி:
சரி அண்ணா. அந்த வெள்ளி 57 விளம்பரத்தையும் காணோம், யாரோ எடுத்துவிட்டார்கள் போல.

பழைய_கண்ணாடி:
நான்தான். வளையம் நகரவே மாட்டேன் என்கிறது. திருகாணி தம்பி, கிரீஸ் மாற்ற எவ்வளவு கேட்பீர்கள்?