புரொஸ்டேட் குளிசை பற்றிய துண்டுப்பிரசுரம்: சொல் உதவி தேவை

வணக்கம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கப் பாமசிகளில் வைக்க, புரொஸ்டேட் வீக்கத்துக்கு மருந்து எடுக்கும் ஐயாமாருக்காக ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் எழுதுகிறோம். சில இடங்களில் சொல் தட்டுகிறது.

டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் எடுப்பவருக்கு உச்சம் வரும், ஆனால் விந்து குறையலாம், வராமலும் போகலாம். விந்தைத் தள்ளும் தசைகளையும் மருந்து தளர்த்துவதே காரணம். ஆபத்தில்லை, நிறுத்தினால் பெரும்பாலும் பழையபடி வரும். இதை 'உலர் உச்சம்' என்று எழுதினால் மிளகாய்க் கருவாடு மாதிரி இருக்கிறது. வாயில் வரக்கூடிய சொல் உண்டா?

ஃபினாஸ்டரைட் 5 மில்லிகிராம் வேறு மாதிரி. ஆசையே குறையலாம், விறைப்பும் தளரலாம். பலன் தெரிய ஆறு மாதம்கூடச் செல்லும் என்பதால் இடையில் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். சலக்கஷ்டம் அப்படியே இருக்கும். புரொஸ்டேட்டுக்கான இரத்தப் பரிசோதனையில் பார்க்கும் பிஎஸ்ஏ (PSA) அளவையும் இது ஏறக்குறையப் பாதியாக்கும், டொக்டருக்குச் சொல்லவேண்டும்.

விறைப்புக்கான சில்டெனாஃபில் குளிசை கேட்பவரிடம் முதல் கேள்வி: நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசை இருக்கிறதா? இருந்தால் சில்டெனாஃபில் கூடவே கூடாது, பிரஷர் ஆபத்தாக இறங்கும். டாம்சுலோசினும் எடுப்பவர் என்றால், டொக்டர் சொன்னபின் 25 மில்லிகிராமில் தொடங்குவது நல்லது.

பெரிய சிக்கல், மருந்துத் துண்டோடு வருவது பெரும்பாலும் மகள் அல்லது மருமகள். அவரிடம் எதைச் சொல்லி, எதை மடித்த தாளில் கொடுத்தனுப்புவது? "டாம்சுலோசினை விட்டு, அதே வகை மருந்தான அல்ஃபுசோசினுக்கு மாற்றலாமா?" என்று ஐயா கிளினிக்கில் கூச்சமில்லாமல் கேட்க ஒரு வரியும் எழுதித் தாருங்கள்.