வாவிக்கரையிலிருந்து 5,000 மீற்றர் உயரத்துக்கு: கமெராவுடன் செல்ல எவ்வாறு ஆயத்தமாவது?

கல்லடிக் கரையோன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவியில் பறவைகளையும், வாரக்கடைசிகளில் திருமணங்களையும் படம் பிடித்துவரும் நான், வரும் ஒக்டோபரில் அக்கரைப்பற்று நண்பர்கள் மூவருடன் நேபாளம் சென்று, லுக்லாவிலிருந்து எவரெஸ்ட் அடிவார முகாம்வரை நடக்க எண்ணியுள்ளேன். இதுவரை நான் ஏறிய மிக உயரமான இடம் 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலை. நேபாளத்தில் நடை தொடங்கும் லுக்லாவே 2,860 மீற்றரில் இருக்கிறது. கடற்கரை மணலில் நாள்தோறும் ஒரு மணி நேரம் சுமையுடன் நடந்து பழகுகிறேன். இரண்டு கமெராக்கள், இரண்டு பெரிய வில்லைகள், முக்காலி எல்லாம் சேர்ந்து 7 கிலோவைத் தாண்டுகின்றன. எதை விட்டுச் செல்வது? குளிரில் பற்றரிகளை எவ்வாறு காப்பது? அடிவார முகாமுக்கு முன்பு கடைசியாகத் தங்கும் இடமான கொரக் ஷெப்பை ஆறே நாளில் அடைந்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்வது சரியா?

உகந்தை யாத்திரிகன்:

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்றவை அதற்குப் பின்புதான். உகந்தையிலிருந்து காட்டுவழியே கதிர்காமத்துக்குப் பலமுறை பாதயாத்திரை போன கால்கள் என்ற நம்பிக்கையில் நானும் எவரெஸ்ட் பாதையில் நடந்தேன். எங்கள் குழுவில் 4,940 மீற்றரில் உள்ள லொபுச்சேயில் தலைவலியோடும் வாந்தியோடும் படுத்தவன் நான் ஒருவன்தான். காரணம் பின்னர்தான் விளங்கியது: படம் எடுக்கப் பின்தங்குவதும், மற்றவர்களைப் பிடிக்க மேட்டில் விரைவதுமாக நாள் முழுவதும் மூச்சைச் செலவழித்திருந்தேன். குழுவின் நடை உங்கள் வேகத்துக்கு அமைய வேண்டும் என்பதைப் புறப்படுமுன்பே நண்பர்களிடம் பேசி முடித்துவிடுங்கள்.

3,440 மீற்றரில் உள்ள நாம்சே பஜாரிலும் 4,410 மீற்றரில் உள்ள திங்போச்சேயிலும் இரண்டிரண்டு இரவுகள் தங்கினால், கொரக் ஷெப்பை எட்டாம் நாளில் அடைவீர்கள். ஆறு நாள் திட்டத்தில் வெட்டப்படுவது அந்த இரண்டு ஓய்வு நாட்கள்தான். படக்காரனுக்கு அவை வீண் நாட்களும் அல்ல. பகலில் சற்று மேலே ஏறிப் படம் எடுத்துவிட்டு, கீழே வந்து உறங்கலாம்.

இன்னொன்று, அடிவார முகாமிலிருந்து எவரெஸ்ட் சிகரம் தெரியாது. அதைப் பார்க்கக் கொரக் ஷெப்புக்கு மேலேயுள்ள காலா பத்தர் மேட்டில் ஏற வேண்டும். பலர் விடியலில் அங்கே போகிறார்கள், ஆனால் சூரியன் எவரெஸ்டின் பின்புறமாகத்தான் எழுகிறது. சிகரத்தின் முகத்தில் ஒளி விழுவது மாலையில். மாலையில் போனால் இறக்கம் இருட்டில் என்பதால் தலைவிளக்கும் ஒரு துணையும் கட்டாயம் வேண்டும்.

ஒரு கமெராவும் ஒரு வில்லையும் போதும். முக்காலியை வீட்டில் வையுங்கள்.

அம்பாறை மருத்துவத் தாதி:

ஏறத்தாழ 5,500 மீற்றரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியளவே. மணல் நடை காலையும் இதயத்தையும் பலப்படுத்தும், உயரநோயிலிருந்து காக்காது. 3,000 மீற்றருக்கு மேல், உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டாமலிருப்பதும், மூன்று நான்கு நாட்களுக்கொரு நாள் ஓய்வதுமே பொதுவான அறிவுரை. உயரநோயைத் தடுக்க அசெற்றசோலமைட் குளிசை உதவக்கூடும். ஆயினும் சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் அதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்தக் குளிசை விரல்களில் ஊசி குத்துவதுபோன்ற உணர்வைத் தரும் என்பதால், கையுறை கழற்றிப் படமெடுக்கும் நீங்கள் அதையும் குளிர் விறைப்பையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. படம் அசையாதிருக்க மூச்சை அடக்கும் பழக்கத்தையும் அங்கே விட்டுவிடுங்கள், தலை சுற்றும். நேராக நடக்க முடியாமற் போனாலோ, ஓய்ந்திருக்கும்போதும் மூச்சிரைத்தாலோ, இரவானாலும் உடனே கீழே இறங்க வேண்டும்.

கல்முனை ஒளிப்படக்காரன்:

முக்காலி விடயத்தில் யாத்திரிகன் அண்ணாவுடன் எனக்கு உடன்பாடில்லை. நட்சத்திரங்களை எடுக்க ஒரு கிலோவுக்குட்பட்ட சிறியதொன்றைக் கொண்டுபோகலாம். இரண்டாவது கமெராவையும் பெரிய வில்லைகளில் ஒன்றையும் விட்டால் சுமை தானாகக் குறையும். பற்றரிகளைப் பகலில் உட்சட்டைப் பையிலும் இரவில் உறங்கும் பைக்குள்ளும் வையுங்கள். குளிரில் தீர்ந்ததாகக் காட்டும் பற்றரி, சூடேறியதும் இன்னும் சில படங்களுக்குத் தாங்கும். விமானத்தில் உதிரிப் பற்றரிகள் கைப்பையில்தான் செல்ல வேண்டும். அடுப்பு எரியும் அறைக்குள் நுழையுமுன் கமெராவைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டிவிட்டால், நீர் பையின் வெளிப்புறத்தில் படியும், வில்லையில் படியாது. பனிவெளியில் கமெராவின் ஒளிக் கணிப்பை அப்படியே நம்பினால் வெண்பனி சாம்பலாகும். நண்பகல் பாசிக்குடா மணலில் மணமகள் முகம் கறுத்துப்போகிறதே, அதே கணக்குத்தான். ஒன்றிலிருந்து இரண்டு படி ஒளியைக் கூட்டுங்கள்.

கல்லடிக் கரையோன்:

மிக்க நன்றி. எட்டு நாள் கணக்கை நண்பர்களிடம் காட்டினேன். இருவர் சம்மதித்தார்கள், ஒருவர் இன்னும் விடுமுறை நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். பெரிய வில்லைகளில் ஒன்றை வீட்டில் விட்டுச் செல்ல எடுத்து வைத்துவிட்டேன். மாலைக் காலா பத்தருக்காகச் சிறிய முக்காலி ஒன்று மட்டும் இன்னும் பையில் இருக்கிறது, அண்ணா மன்னிக்கவும்.