கணவருக்குப் பக்கத்தில் ஓர் இடம்: யூத அடக்கம் குறித்து நாங்கள் கண்டவை

இஸ்ரேலின் தெற்கே ஓர் ஊரில் ஆறு ஆண்டுகள் ஒரு பாட்டியைப் பராமரித்தேன். உக்ரைனின் ஒடெசாவிலிருந்து 1991-இல் கணவருடன் வந்தவர். கணவர் யூதர், பாட்டி அல்லர். யூதர்கள் இஸ்ரேலில் வந்து குடியேற உரிமை தரும் சட்டத்தை 1970-இல் திருத்தினார்கள். அதன்படி யூதரின் மனைவிக்கும் குடியுரிமை உண்டு. ஆனால் இடுகாட்டில் ரபிகளின், அதாவது யூத மதகுருக்களின் விதிதான் செல்லும்: தாய் யூதராக இருக்க வேண்டும், அல்லது முறைப்படி மதம் மாறியிருக்க வேண்டும்.

பாட்டி வெள்ளிதோறும் பொழுது சாய்வதற்குள் மெழுகுவர்த்தி ஏற்றுவார். புளித்த மாவுப் பண்டம் வீட்டில் இருக்கக் கூடாத பஸ்கா பண்டிகை நெருங்கினால் அலமாரி மூலையில் ரொட்டித் துணுக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. முழங்காலிட்டுத் துடைப்பது நான், கண்ணாடி போட்டுக்கொண்டு சரிபார்ப்பது அவர். மதம் மாறச் சொல்லி யாரோ அறிவுறுத்தியபோது, "நாற்பது வருடமாக இப்படித்தானே வாழ்கிறேன், இனி எதை மாற்ற?" என்றாராம். கணவரின் கல்லறைக்குப் போனால் யூத வழக்கப்படி ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டு, பக்கத்தில் காலியாக இருந்த மண்ணைக் கைத்தடியால் தொட்டுக் காட்டுவார்.

அவர் இறந்த அன்று மகனிடம் தாயின் தாய் யார் என்று கேட்டார்கள். பக்கத்து இடம் கிடைக்கவில்லை. மதச் சடங்கில்லாத அடக்கத்துக்கு 1996-இல் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட இடுகாடுகள் குறைவு. வேறோர் ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம். இப்போது அந்த மகன் இரண்டு ஊர்களுக்கும் கூழாங்கல் எடுத்துக்கொண்டு போகிறார். அதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

*

லண்டனிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பாட்டி மதம் மாறவில்லை. என் அலுவலகத் தோழி மாறியவர், அவருக்கும் இதே கதிதான். சீர்திருத்தப் பிரிவில் ஓராண்டுக்கும் மேல் படித்து, மூன்று பேர் அமர்ந்த பேத் தின் என்னும் மத நீதிமன்றத்தின் முன் பதில் சொல்லி, மிக்வே என்னும் சடங்குக் குளத்தில் மூழ்கி எழுந்தார். மாமியார் வீட்டார் பழைய விதிகளை விடாத யூத வைதீகப் பிரிவு. அவர்களது ஜெப ஆலயம் அந்த மதமாற்றத்தை ஏற்கவில்லை; எனவே குடும்ப வரிசையில் இடமில்லை. சீர்திருத்தப் பிரிவின் இடுகாட்டில்தான் அடக்கம் நடந்தது. மாமியார் வந்திருந்தார், மண்வெட்டி எடுத்து மண்ணும் தள்ளினார். தடுத்தது அவர் மனம் அல்ல என்பதை அன்று கண்டேன்.

கோல்டர்ஸ் கிரீனில் ஹூப் லேன் இடுகாட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் சீர்திருத்தப் பிரிவினரின் நிமிர்ந்த கற்கள், மறுபக்கம் ஸ்பானிய, போர்த்துகீசிய வழி யூதர்களின் படுத்த கற்கள். வழக்கம் வேறாக இருந்தாலும் ஒரே வளாகத்தில் உறங்குகிறார்கள். என் தோழிக்கும் அப்படி ஒரு வழி இருந்திருக்கலாமே என்றுதான் தோன்றும்.

*

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். மதுரைக்காரி, யூத வைதீக முறைப்படி மதம் மாறியவள். எங்கள் ஹெவ்ரா கதிஷாவில், அதாவது இறந்தவரைக் குளிப்பாட்டி உடுத்தும் தன்னார்வலர் குழுவில் இருக்கிறேன். பெண்ணைப் பெண்கள்தான் குளிப்பாட்டுவோம். ஒரு வாளி தீருவதற்குள் அடுத்த வாளியைச் சாய்க்க வேண்டும். நீர் இடையில் அறுபடக் கூடாது. பிறகு வெள்ளைத் துணி. அதில் பை கிடையாது, முடிச்சும் கிடையாது. நாடாவை முறுக்கிச் செருகுவோம்.

போன குளிர்காலத்தில் என்னைப் போலவே மதம் மாறிய ஒரு மூதாட்டியைக் குளிப்பாட்டினோம். எபிரேயப் பெயரைத் தந்தை பெயரோடு சொல்லி மன்னிப்புக் கேட்பது வழக்கம். மதம் மாறியவருக்கு ஆபிரகாமே தந்தை. குழுவில் மூத்தவர் தாளைப் பார்த்து "பத் அவ்ராஹாம்", ஆபிரகாமின் மகள் என்று வாசித்தார். என் கையில் வாளி இருந்தது, அழுகையை அடக்கிக்கொண்டேன். மதம் மாறியவரிடம் அவருடைய பழைய வாழ்வைச் சொல்லிக் காட்டக் கூடாது என்பது எங்கள் நெறி. அன்று அறையில் யாரும் ஒரு சொல் கூடுதலாகப் பேசவில்லை.

அந்த மூதாட்டி தம் மதமாற்றச் சான்றிதழ் நகலை முன்பே ஜெப ஆலயத்தில் கொடுத்து வைத்திருந்தார். இதைப் படிப்பவர்களில் மதம் மாறியவர்கள் இருந்தால், எந்தப் பேத் தின்னை எந்த இடுகாடு ஏற்கும் என்று உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். எழுத்தில் வாங்குங்கள். துக்க வீட்டில் பிள்ளைகள் அலைய வேண்டாம். நானும் அந்த வாரமே என் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.