கோரமண்டல் திரையின் அரக்கு எந்த மரத்துப் பால்?

கடலோரம்:
17ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீனாவில் செய்த மடக்குத் திரை. செதுக்கி வண்ணம் நிரப்பிய வகை. சோழமண்டலக் கரை வழியாகக் கப்பலேறியதால் ஐரோப்பாவில் 'கோரமண்டல்' ஆகிவிட்டது. ஓரத்தில் உதிர்ந்த துணுக்கு ஒன்று இருக்கிறது, கடுகில் பாதிகூடத் தேறாது. அகச்சிவப்பு நிறமாலையில் எண்ணெய் கலப்பு மட்டும் தெரிகிறது. மரமும் அடித்தளமும் தெரிய வேண்டுமானால் இதை எப்படிப் பங்கு போடுவது?

நுண்ணோக்கி:
முதலில் குறுக்குவெட்டு. எல்லா அடுக்கும் இருக்கிற விளிம்பை ரெசினில் பதித்துத் தேயுங்கள். தண்ணீர் வேண்டாம். இந்தத் திரைகளின் அடியில் களிமண்ணோடு பசையோ இரத்தமோ சேர்த்திருப்பார்கள். நனைந்தால் ஊறிப் பிதுங்கி, பள்ளம் விழும். உலர்வாகவோ வெள்ளை ஸ்பிரிட்டிலோ தேய்க்கலாம். புற ஊதா ஒளியில் மேலே பளீரென்ற ஆரஞ்சு நிறப் படலம் தெரிந்தால் அது பெரும்பாலும் பிற்காலத்தில் பூசிய ஷெல்லாக், அதாவது பூச்சி அரக்கு. மாவுப்பசைக்கு அயோடின் சொட்டு: நீலக்கருப்பு வரும். அடித்தளத்தில் கரி இருந்தால் அந்த நிறம் கண்ணுக்கே தெரியாது, அப்போது 'மாவு இல்லை' என்று எழுதிவிடாதீர்கள்.

மரப்பால்:
மீதித் துணுக்கைப் பைரோலிசிஸ் ஜிசி-எம்எஸ்ஸுக்கு (சூட்டில் உடைத்து, வரும் மூலக்கூறுகளைப் பிரித்து நிறை பார்க்கும் முறை) வையுங்கள். அடுக்கு அடுக்காகக் கத்தி முனையில் சுரண்டி, ஒவ்வொன்றிலும் 100 மைக்ரோகிராம் போதும். மரப்பாலின் முக்கியச் சேர்மம் கேட்டகால் வகை. அதன் நீளமான பக்கச்சங்கிலி 15 கார்பன் என்றால் உருஷியால்: சீனா, ஜப்பான், கொரியா. 17 என்றால் லக்கால்: வியட்நாம், தைவான். சங்கிலி நுனியில் பென்சீன் வளையம் இருந்தால் பர்மா, தாய்லாந்துப் பக்கத்துத் திட்சி மரப்பால்.

ஒரு கண்ணி உண்டு. மெத்தில் தொகுதியை ஏற்றும் டிஎம்ஏஎச் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் உருஷியாலின் 320 நிறை மெத்தில் ஏறி 348 ஆகும். மெத்திலேறாத லக்காலும் 348தான். மூலக்கூறு நிறையை மட்டும் நம்பினால் மரம் மாறிவிடும். மூலக்கூறு உடைந்து வரும் துண்டு அயனியின் நிறையையும் பாருங்கள்: மெத்திலேறாததில் 123, ஏறியதில் 151.

கடலோரம்:
நன்றி. ஒரே ஓட்டத்தில் உருஷியாலும் லக்காலும் சேர்ந்து வந்தால்?

மரப்பால்:
ஒரே அடுக்கிலா, இரண்டு அடுக்கைச் சேர்த்துச் சுரண்டியதாலா என்று குறுக்குவெட்டோடு ஒப்பிடுங்கள். ஒரே அடுக்கில் என்றால் இரண்டு பாலையும் கலந்திருக்கலாம். ஏற்றுமதிச் சாமான்களில் அது புதிதல்ல. அலூரிடிக் அமிலம் வந்தால் மட்டும் அது பூச்சி அரக்கு, நம்மூர் முத்திரை அரக்கின் இனம். தமிழில் இரண்டையும் 'அரக்கு' என்கிறோமே, அறிக்கையில் மரத்திலிருந்து வந்ததை 'மரப்பால் அரக்கு' என்றே எழுதுங்கள்.