அப்பாக்கள் இப்போதுதான் பிள்ளை வளர்க்கத் தொடங்கினார்களா?

தேரூரான்:
தந்தை பிள்ளை வளர்ப்பில் முழுப் பங்கெடுக்கத் தொடங்கியது நம் குமரி மாவட்டத்தில் அண்மைக் காலத்தில்தான் என்பது என் கருத்து. நாஞ்சில் நாட்டு வெள்ளாளரிடம் மருமக்கள்வழி நிலவியவரை, ஒருவர் கட்டிக்காத்த குடும்பச் சொத்து அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்கே போனது. பெற்ற மக்களுக்கு உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு கிடைத்தால் உண்டு. காரணவர் எனப்படும் குடும்பத் தலைவர் ஒருவருக்கு ஐந்தாம் தாரமாக வாழ்க்கைப்பட்ட பெண்ணின் வாய்மொழியாக, கவிமணி இந்த அவலத்தை மருமக்கள்வழி மான்மியத்தில் பாடினார். 1926-இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்த பிறகே மக்கள்வழி உரிமை உறுதியானது. தன் நிலத்தைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாதவர், அந்தப் பிள்ளையின் வாழ்வைப் பற்றி எந்த முடிவைத்தான் துணிந்து எடுத்திருக்க முடியும்?

அருமனை டீச்சர்:
அண்ணாச்சி சொல்லும் சட்ட வரலாறு சரி. அதிலிருந்து வந்து சேர்ந்த முடிவு சரியல்ல. நாயர் தறவாடுகளில் பிள்ளைகள் தாய்வீட்டில் அம்மாவனின், அதாவது தாய்மாமனின், பொறுப்பில் வளர்ந்தார்கள். வெள்ளாளர் வீடுகளிலோ மனைவியும் மக்களும் கணவன் வீட்டில்தான் இருந்தார்கள். தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை, அப்பா கண்மூடியதும் அந்த வீட்டை விட்டு இறங்க வேண்டியிருந்தது என்பதல்லவா மருமக்கள்வழியின் கொடுமை? வளர்ப்பே இல்லாதிருந்தால் அந்தப் புலம்பலுக்கு இடமேது?

அதோடு, பனையேறும் குடும்பங்களிலும் கடற்கரையிலும் மக்கள்வழிதான் இருந்தது. என் தாத்தா பனையேறி. அக்கானி (பதநீர்) இறக்கும் காலத்தில் அவர் விடியுமுன் பனைக்குப் புறப்படும்போது, சிறுவனாயிருந்த என் அப்பாவும் கலயத்தைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பார். அரிவாள் தீட்டுவதையும், கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதையும், எந்தப் பாளையை எப்போது சீவலாம் என்பதையும் அந்த நடையில்தான் கற்றார். தாயைவிடத் தகப்பனோடு அதிக நேரம் இருந்த பிள்ளை அவர். அவரை அப்பா வளர்க்கவில்லை என்று யாரும் சொல்ல நான் விடமாட்டேன்.

தேரூரான்:
வெள்ளாளர் வீடுகளைப் பற்றி டீச்சர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தொழில் பழக்குவது வேறு, பிள்ளை வளர்ப்பது வேறு. காய்ச்சலில் பிள்ளை துடித்த இரவில் விழித்திருந்தவர் யார்? அந்த விடியற்கால நடையில் மகளுக்கு இடமிருந்ததா? உழைப்பைத் தாய் சுமக்க, அதிகாரம் தந்தையிடம் இருந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்துச் சிறார் காப்பாளர் சட்டமும் இயற்கைக் காப்பாளர் என்று தந்தையையே முதலில் வைத்தது. தாய் ‘அவருக்குப் பின்’தான். தந்தை உயிரோடிருந்தும் பொறுப்பில் இல்லாதபோது தாயே காப்பாளராகலாம் என்று உச்ச நீதிமன்றம் அந்தச் சொற்களுக்குப் பொருள் சொன்னது 1999-இல்.

தூத்தூர்க்காரன்:
நீங்கள் இருவரும் பேசும் அப்பாக்கள் இரவில் வீட்டுக்கு வந்தவர்கள். எங்கள் ஊரில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் விசைப்படகில் ஏறினால் வாரக்கணக்கில் திரும்புவதில்லை. என் ராங்க் கார்டில் அம்மா கையெழுத்திட்ட கட்டத்துக்குப் பக்கத்தில், இடமே இல்லாத இடத்தில், அப்பா கரைக்கு வந்த அன்று தன் பெயரையும் எழுதுவார். மூன்று தேர்வுகளுக்கும் ஒரே நாளில் எழுதிய வருடமும் உண்டு. ஆசிரியர் அதற்காக என்னைக் கண்டித்தபோதும் அப்பா அந்தப் பழக்கத்தை விடவில்லை. 2017-இல் ஒக்கிப் புயல் அடித்த பிறகு, அந்தக் கையெழுத்துக்கூட இல்லாமல் போன வீடுகள் எங்கள் கடற்கரையில் எத்தனையோ.

ஆகவே, அன்று விலகியிருந்த அப்பா இன்று நெருங்கிவிட்டார் என்று வரலாற்றை ஒரே கோடாக இழுக்காதீர்கள். ஒன்றிய அரசு ஊழியருக்குக் குழந்தை பிறந்தால் 15 நாள் விடுப்பு உண்டு. பிடிக்கும் மீனில் பங்குக்குத் தொழிலுக்குப் போகிறவர் 15 நாள் கரையில் இருந்தால் அடுப்பெரியாது. அவருக்கு மனம் இல்லை என்றா சொல்வீர்கள்?

அருமனை டீச்சர்:
தூத்தூர்த் தம்பி சொன்னதைத்தான் என் வகுப்பிலும் பார்க்கிறேன். ஒரு மாணவியின் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். அம்மா வளைகுடாவில் செவிலியர். இருட்டோடு தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர், பள்ளி நேரத்துக்குள் ஓடிவந்து மகளுக்குச் சடை பின்னி அனுப்புகிறார். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் ஒட்டுப்பால் வாடை அந்தக் கையை விட்டுப் போகாது. வகிடும் சற்றுக் கோணலாகத்தான் இருக்கும்.

தேரூரான்:
இதையே என் வாதத்துக்குச் சான்றாக நான் எடுத்துக்கொள்ளலாம். தாய் வேலைக்குப் போனதால் தந்தை அந்த இடத்துக்கு வரவேண்டியதாயிற்று. அவராக விரும்பி வரவில்லை. அந்த அம்மா ஊருக்கு வந்துவிட்டால் சீப்பு யார் கைக்குப் போகும், டீச்சர்?

அருமனை டீச்சர்:
சென்ற ஆண்டு அவர் விடுப்பில் வந்து ஒரு மாதம் வீட்டில் இருந்தார், அண்ணாச்சி. அந்த மாதம் முழுவதும் பிள்ளையின் வகிடு கோணலாகத்தான் இருந்தது.