ஆஃப்டர்மார்க்கெட்டுக்கு ஒரு சொல்லு: பிற்சந்தையா, பிறத்தியா?

அண்ணாச்சி, வணக்கம். ஆஃப்டர்மார்க்கெட் பார்ட்டுக்கு, அதான் வண்டி கம்பெனியோடது இல்லாம பிற ஆளுக செஞ்சு விக்குத சாமானுக்கு, பிற்சந்தை உதிரின்னு உங்க தமிழ்ச்சொல் பட்டியல்ல போட்டிருக்கீக, கோவிச்சுக்கிடாதீங்க, எனக்கு அதக் கேட்டா பாவூர்சத்திரம் சந்தையில மத்தியானத்துக்கு மேல கழிச்சுப் போட்ட கத்தரிக்காதான் ஞாபகம் வருது. இங்கிலீஷ் வார்த்தைய ரெண்டா பேத்து ஒட்டுனா இப்படித்தான் ஆவும்.

எங்க மாமாவோட பழைய பெட்ரோல் அம்பாசடர், 1489 சிசி, போன மாசம் வேலை பாத்தோம்லா, அத வச்சே சொல்லுதேன். மொதல்ல டிஸ்ட்ரிபியூட்டர்ல (ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட பிரிச்சு விடுத பாகம்) ஒரு சிபி பாயிண்ட், அதான் தீப்பொறிக்காவ கரண்ட வெட்டி வெட்டி விடுத சுவிட்சு, போட்டோம், கம்பெனி டப்பா மாதிரியே டப்பா, ஆனா டூப்ளிகேட். ஃபீலர் கேஜ்ங்குத அளவுத் தகடு விட்டு 15 தவு (அங்குலத்துல ஆயிரத்துல 15 பங்கு) கேப் வச்சது, கேம்ல உரசுத அந்த சின்ன ஃபைபர் ரெண்டே வாரத்துல தேஞ்சு, கேப் மூடி, தீப்பொறி டைமிங் பின்னால போயி, வல்லநாடு தாண்டுததுக்குள்ள வண்டி இருமி இருமி நின்னுட்டு. அப்புறம் பாயிண்ட், கண்டென்சர் ரெண்டையும் கழட்டிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் மாட்டினோம். ரோட்டருக்கு அடியில காந்த வளையம், பாயிண்ட் இருந்த இடத்துல ஒரு சென்சர், காயிலுக்கு ரெண்டு வயரு, அவ்வளவுதான்.

இப்ப பாருங்க, பாயிண்டும் கம்பெனி செஞ்சதில்ல, கிட்டும் கம்பெனி செஞ்சதில்ல. ஆனா பாயிண்ட் திருட்டு. கிட்டு தன் பேரப் போட்டு நேர்மையா விக்குத சாமான், அத போலின்னா பாவம்லா. மாற்று உதிரின்னா, கம்பெனி பாயிண்டுக்கு கம்பெனி பாயிண்டே மாத்துனாலும் அதே பேருதான். வெளியுதிரின்னா பம்பர், சைடு கண்ணாடின்னு நெனைப்பான். அயலுதிரின்னா ஃபாரின் சாமானாக்கும்னு வெலையக் கூட்டிருவான். நம்ம ஊருல பிறத்தியார்ம்போம்லா, சொந்தமில்ல, அதுக்காக ஆவாதவனும் இல்ல. பிறத்தியுதிரின்னு வைப்போமா?

அண்ணாச்சி பதில்: தம்பி, பிறத்தி நல்லாருக்கு, எடுத்துக்கிடுதேன், பிற்சந்தைய நானே அடிச்சிருதேன். ஆனா உதிரி உதைக்கி. உதிரின்னா கழண்டதுக்குப் பதிலா போடுதது; இன்ஜின்ல இல்லாத ஆயில் கூலர நாமளா புதுசா வச்சா அது எதுக்கு உதிரி? கடையிலயும் எவனும் உதிரி தாங்கன்னு கேக்கதில்ல, சாமான்னுதான் கேக்கான். அதனால பிறத்திச்சாமான். ஒரு சிக்கல் மட்டும் மிச்சம் கெடக்கு: கார் கம்பெனிக்கே பிஸ்டன் வார்த்துக் குடுக்கவன் அதே பிஸ்டன தன் டப்பாவுல, தன் பேருல வித்தா அது பிறத்தியா, சொந்தமா? இதுக்கு என்ன சொல்லுதீரு?